ஆரோக்கியமான வீடு, அக்கம்பக்கத்துக்கான தொழில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்கம்பக்கத்து வீடுகளை ஆரோக்கியமாக்கச் சேர்ந்து இயங்கும் குடியிருப்புக் குழு வேலை என்று யாரிடம் பேச ஆரம்பித்தாலும் இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். முதல் பாதி வீட்டைப் பற்றியது, பிற்பாதி குழுவையும் தொழிலையும் பற்றியது. அவசரமாக ஒரே ஒரு பதில் வேண்டுமென்றால் அதற்கு மட்டும் போகலாம். ஆனால் பிற்பாதிப் பதில்கள் பல இடங்களில் முன்னால் சொன்னதையே நம்பி நிற்கின்றன.

வீடு பளிச்சுனு சுத்தமாத்தானே இருக்கு, அப்புறம் என்ன ஆரோக்கியம்?

வீட்டுக்குள் உடம்பைக் கெடுப்பவற்றில் பாதிக்கு மேல் கண்ணில் படாது. அடுப்பு எரியும்போது வரும் நுண்துகள், சுவருக்குள் தேங்கி நிற்கும் ஈரம், புதுப் பெயிண்ட், பிளைவுட், பசை இவற்றிலிருந்து மாதக்கணக்கில் கசியும் ஆவி, மெத்தையிலும் தரைவிரிப்பிலும் உட்கார்ந்திருக்கும் தூசி. தரையைப் பளபளக்க வைக்கும் திரவமேகூட சிலருக்கு மூச்சுக்குழாயில் எரிச்சல் உண்டாக்கும்.

விறகு, கரி, மண்ணெண்ணெய் போன்றவற்றை வீட்டுக்குள் எரிப்பதால் வரும் புகை 2020-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 32 லட்சம் பேரின் மரணத்துக்குக் காரணமானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். புகையில்லாத அடுப்பு வைத்திருக்கும் வீட்டிலும் மிச்சப் பிரச்சினைகள் அப்படியேதான் இருக்கின்றன. நாளின் பெரும்பகுதியை நாம் ஏதாவது ஒரு கூரைக்குக் கீழேதான் கழிக்கிறோம், குழந்தைகளும் முதியவர்களும் இன்னும் அதிகமாக.

சரி, எதுல ஆரம்பிக்கிறது? ஒரு ஏர் பியூரிஃபயர் வாங்கிடலாமா?

வாங்குவது கடைசி வேலை. முதலில் கெடுதலின் மூலத்தை நிறுத்துங்கள், அடுத்து காற்றை ஓடவிடுங்கள், அதற்கும் பிறகு மிச்சம் இருந்தால் வடிகட்டுங்கள். இந்த வரிசை மாறினால் பணம் போகும், பிரச்சினை போகாது. வீட்டுக்குள் புகைபிடிப்பதை வெளியே மாற்றுவது, வாசனைத் திரியையும் மெழுகுவத்தியையும் குறைப்பது, சமைக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போட்டுச் சமையல் முடிந்தும் கொஞ்ச நேரம் ஓடவிடுவது, வாசலிலேயே செருப்பைக் கழற்றுவது, ஈரத்துணியால் தூசி துடைப்பது, இவற்றுக்குச் செலவே இல்லை.

அதற்கு மேலும் தேவைப்பட்டால் ஹெப்பா வடிகட்டி உள்ள கருவி நல்லது. 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் அந்த வடிகட்டிக்கான தரம். ஆனால் அது துகளைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. வாயுவுக்குக் கரி வடிகட்டி வேண்டும், அதுவும் சீக்கிரம் நிரம்பிவிடும். ஓசோன் உற்பத்தி செய்து காற்றைச் சுத்தப்படுத்துவதாகச் சொல்லும் கருவியை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள், ஓசோனே நுரையீரலுக்குக் கெடுதல்.

ஜன்னலைத் திறந்தா ரோட்டுப் புகை எல்லாம் உள்ள வருமே?

வரும். இந்தப் பயம் நியாயமானது, அதனால்தான் "எப்போதும் திறந்து வையுங்கள்" என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. போக்குவரத்து குறைந்த நேரத்தில், சாலையைப் பார்க்காத பக்கத்து ஜன்னலை, எதிரெதிராக இரண்டு திறப்புகள் இருந்தால் இரண்டையும் சேர்த்து, சிறிது நேரம் நன்றாகத் திறந்துவிட்டு மூடுவது நாள் முழுக்க ஒரு விரற்கடை திறந்து வைப்பதைவிடப் பலன் தரும். நுண்துகளுக்கு, அதாவது பிஎம் 2.5-க்கு, உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு ஆண்டுச் சராசரியில் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம், 24 மணி நேரச் சராசரியில் 15. உங்கள் பகுதியின் அளவீட்டை இதோடு வைத்துப் பார்த்தால் எந்த நாளில் மூட வேண்டும் என்பது புரிந்துவிடும்.

உள்ளே காற்று ஓடுகிறதா என்று பார்க்க கார்பன் டை ஆக்சைடு மீட்டர் உதவும். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்துக்கு 420 பங்கு போல இருக்கும். ஆட்கள் இருக்கும் மூடிய அறையில் ஆயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், ஒருவர் விட்ட மூச்சையே இன்னொருவர் இழுக்கிறார் என்று பொருள். வெளியே புகைமூட்டமான நாட்களில் மட்டும் வடிகட்டி தேவைப்படுபவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. சதுர விசிறி ஒன்றும் நல்ல வடிகட்டி அட்டைகள் நான்கும் சேர்த்து ஒட்டிய பெட்டி, 2020-இல் காற்றுத்தரப் பொறியாளர் ரிச்சர்ட் கோர்சி, வடிகட்டி நிறுவனம் நடத்திய ஜிம் ரோசென்தால் இருவரின் யோசனையில் பிறந்தது. குழுவாக உட்கார்ந்தால் ஒரே மதியத்தில் பல வீடுகளுக்குச் செய்துவிடலாம்.

செடி வச்சா காத்து சுத்தமாகும்னு சொல்றாங்களே?

1989-இல் நாசா செய்த சோதனையிலிருந்து பரவிய நம்பிக்கை இது. அந்தச் சோதனை நடந்தது மூடி அடைத்த சிறிய அறைகளில். நாம் வாழும் வீட்டில் காற்று வந்து போய்க்கொண்டே இருக்கிறது. 2019-இல் வந்த மறுஆய்வு ஒன்று பழைய சோதனைகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டு, சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டும் என்று சொன்னது. செடி வையுங்கள், மனசுக்கு நல்லது. ஜன்னலுக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

சுவத்துல கறுப்பா பூத்திருக்கு. மேல பெயிண்ட் அடிச்சுட்டா போதுமா?

போதாது, கொஞ்ச நாளில் அதே இடத்தில் திரும்பப் பூக்கும். பூஞ்சைக்கு வேண்டியது ஈரம், அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் செய்யும் எந்த வேலையும் மேல்பூச்சுதான். வழிகள் அதிகம் இல்லை: மேலிருந்து ஒழுகுகிறது, குழாய் கசிகிறது, தரையிலிருந்து சுவர் வழியாக ஏறுகிறது, இல்லாவிட்டால் குளியலறையிலும் சமையலறையிலும் எழும் நீராவி வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த சுவரில் படிகிறது. அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் அதன் பின்பக்கம் பூப்பது இந்தக் கடைசிக் காரணத்தால்தான். அதற்கு மருந்து, அலமாரியை ஒரு சாண் தள்ளி வைப்பது.

வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், 30-க்கும் 50-க்கும் நடுவில் இருந்தால் இன்னும் நல்லது. நனைந்தது எதுவானாலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் பிடிக்காது. ஒரு சதுர மீட்டர் அளவுக்குள் இருந்தால் முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடலாம். அட்டை, மெத்தை, கூரைப் பலகை மாதிரி உறிஞ்சும் பொருளில் ஊறிப் பிடித்திருந்தால் பெரும்பாலும் தூக்கிப் போடத்தான் வேண்டும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் அவர் அந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கடையில விக்கிற கெமிக்கல் எல்லாத்தையும் விட்டுட்டு வினிகருக்கு மாறணுமா?

எல்லாவற்றையும் விட வேண்டியதில்லை. தினசரி அழுக்குக்குச் சோப்பும் தண்ணீரும் துணியும் தாராளமாகப் போதும். சுண்ணாம்புக் கறைக்கு வினிகர் நன்றாக வேலை செய்யும், பளிங்குக் கல்லில் ஊற்றினால் கல்லையே அரித்துவிடும். கிருமி கொல்ல வேண்டிய சமயம், வீட்டில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றால், வினிகரை நம்ப முடியாது. அப்போது அளவாகக் கரைத்த பிளீச்தான் வேண்டும்.

எதையும் எதோடும் கலக்கக் கூடாது என்பதை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். பிளீச்சோடு வினிகரோ கழிப்பறை கழுவும் அமிலமோ சேர்ந்தால் குளோரின் வாயு வரும். பிளீச்சோடு அமோனியா சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். இரண்டும் சிறிய குளியலறைக்குள் ஆளைச் சாய்த்துவிடக்கூடியவை. "இயற்கையானது" என்று வினிகரை வாங்கி வந்து, கூடுதல் சுத்தத்துக்கென்று பிளீச்சோடு கலப்பவர்கள் உண்டு, அதனால்தான் இவ்வளவு அழுத்தம்.

பழைய வீடு வாங்கியிருக்கோம். பெயிண்டைச் சுரண்டிட்டுப் புதுசா அடிக்கப் போறோம், ஓகேதானே?

முதலில் சோதித்துப் பாருங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், இன்றும் பல நாடுகளில் ஈயம் கலந்த பெயிண்ட் விற்பனையில் இருக்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் பாதிக்கும். காய்ந்த நிலையில் தேய்க்காதீர்கள், நெருப்பால் சுட்டு உரிக்காதீர்கள். உரியாமல் நன்றாக இருக்கும் பெயிண்டை அப்படியே விட்டு மேலே பூசுவது பல நேரம் பாதுகாப்பானது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் இதே கதைதான்: அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள், எடுப்பதென்றால் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

கார்பன் மோனாக்சைடு வந்தா வாசனை தெரியுமே, அதுக்கு எதுக்கு அலாரம்?

அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், வெளியே போனால் சரியாகிவிடுகிறது என்றால் உடனே வெளியேறி உதவி கூப்பிடுங்கள். கரி அடுப்பும் ஜெனரேட்டரும் எந்தக் காரணத்துக்கும் மூடிய இடத்தில் கூடாது. எரிபொருள் எரியும் வீட்டில் அலாரம் அவசியம். கதிரியக்கம் உள்ள ரேடான் வாயுவும் இப்படிக் கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாததுதான். அது மண்ணிலிருந்து வருவது, பாறையைப் பொறுத்து இடத்துக்கு இடம் மாறும், அளந்தால்தான் தெரியும்.

நான் வாடகை வீட்ல இருக்கேன். இதுல நான் என்ன பண்ண முடியும்?

அலமாரியைத் தள்ளி வைப்பது, விசிறி, ஜன்னல், துடைக்கும் திரவம் இதெல்லாம் உங்கள் கையில் இருக்கிறது. ஒழுகும் கூரையும் கசியும் குழாயும் உரிமையாளர் கையில். தேதியோடு படம் எடுத்து வையுங்கள், ஈரப்பதத்தை வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள், கோரிக்கையை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள்.

ஒரே கட்டடத்தில் ஆறு வீட்டில் ஒரே சுவர் ஈரமாக இருந்தால், ஆறு பேரும் தனித்தனியாகப் புலம்புவதைவிட ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுவது வேறு விதமாகக் கேட்கும். தனியாகப் பேசினால் "நீங்கள்தான் ஜன்னலைத் திறக்கவில்லை" என்று வாயை அடைத்துவிடுவார்கள். ஆறு வீட்டு அளவீட்டை ஒன்றாக வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது.

எல்லாம் அவங்கவங்க வீட்டு விஷயம். இதுக்கு எதுக்குக் குழு?

மேலே சொன்ன கடிதமே ஒரு காரணம். இன்னொன்று, காற்று வேலி பார்த்து நிற்பதில்லை, ஒரு வீட்டில் எரிக்கும் பிளாஸ்டிக் குப்பையின் புகை பத்து வீட்டு ஜன்னலுக்குள் போகிறது. அப்புறம் கருவிகள். ஈரமானி, கார்பன் டை ஆக்சைடு மீட்டர், துளைபோடும் கருவி, உயர ஏணி எல்லாம் ஒரு வீட்டுக்கு வருடத்தில் சில நாள்தான் வேண்டும். ஒவ்வொரு வீடும் வாங்கிப் பரணில் போடுவதற்குப் பதில் தெருவுக்கு ஒன்று வாங்கி, புத்தகம் மாதிரி இரவல் கொடுக்கும் கருவி நூலகம் இருந்தால் போதும்.

எனக்கு இதையெல்லாம் விட முக்கியமாகத் தோன்றுவது அறிவு கைமாறுவது. ஒரு வீட்டில் கசிவைக் கண்டுபிடித்தவர் அடுத்த வீட்டுக்கு வந்து "இங்கே தொட்டுப் பாருங்கள்" என்று காட்டும்போது வரும் நம்பிக்கை எந்தத் துண்டுப் பிரசுரத்திலும் வராது.

எத்தனை பேர் வேணும்? பதிவு பண்ணணுமா?

நான்கைந்து பேர் போதும், ஆனால் வெவ்வேறு மாதிரி ஆட்களாக இருக்கட்டும்: வாடகைக்கு இருப்பவர், சொந்த வீட்டுக்காரர், பகலில் வீட்டில் இருப்பவர், கைவேலை தெரிந்தவர். பணம் கைமாற ஆரம்பிக்கும் வரை பதிவு அவசரம் இல்லை. முதல் நன்கொடை வந்த அன்றைக்கே ஒரு கணக்குப் புத்தகமும் அதைப் பார்க்க இரண்டு பேரும் கட்டாயம்.

முதல் வேலையா எதை எடுக்கலாம்? மரம் நடலாமா?

நடுவது ஒரு நாள் வேலை, தண்ணீர் ஊற்றுவது சில வருட வேலை. ஊற்றப் போவது யார் என்று பெயர் சொல்ல முடிந்தால் நடுங்கள். எந்த யோசனை வந்தாலும் நான் கேட்பது இதைத்தான்: ஆர்வம் வடிந்த பிறகு இதை யார் செய்வார், ஏன் செய்வார்? பதில் இல்லாத யோசனையைத் தள்ளி வையுங்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வீடுவீடாகப் போய்ப் பார்ப்பதில் ஆரம்பிக்கச் சொல்வேன். சம்மதித்த வீடுகளுக்கு இருவர் இருவராக, ஈரமானியோடு, அறிவுரை இல்லாமல். எங்கே ஈரம், எங்கே புகை, என்ன பழுதாகிக் கிடக்கிறது, எதைத் தூக்கிப் போடுகிறார்கள், எதற்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். முப்பது வீடு முடியும்போது அந்தத் தெருவின் உண்மையான பட்டியல் கையில் இருக்கும், நாம் உட்கார்ந்து கற்பனை செய்த பட்டியல் அதோடு பெரும்பாலும் ஒத்துப்போகாது. இந்த நோட்டைப் பத்திரமாக வையுங்கள், தொழில் பற்றிய கேள்விகளில் இது திரும்ப வரும்.

குடியிருப்புக்குள்ள கம்போஸ்ட் போட்டா நாறுமே, பூச்சி வருமே?

நாறினால் ஈரம் அதிகம், காற்று குறைவு என்று அர்த்தம். சமையல் கழிவில் நைட்ரஜனும் ஈரமும் நிறைய, காய்ந்த இலையிலும் அட்டையிலும் கார்பன் நிறைய. மொத்தக் குவியலில் நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு இருந்தால் நன்றாக மட்கும். நடைமுறையில், ஒரு வாளி ஈரக் கழிவு போட்டால் அதைவிட அதிகமாகக் காய்ந்த இலை போட்டு மூடுங்கள், அவ்வப்போது கிளறுங்கள். மூடிய அடுக்கில் பூச்சிக்கு வேலை இல்லை.

பெரிய குவியல் என்றால் உள்ளே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறி சில நாட்கள் நிற்க வேண்டும், அப்போதுதான் நோய்க்கிருமியும் களை விதையும் சாகும். நீளமான வெப்பமானி ஒன்று வாங்குங்கள். கம்போஸ்ட் தோற்ற குடியிருப்புகளில் பெரும்பாலும் காய்ந்த இலை சேமித்து வைக்க இடம் ஒதுக்காததுதான் காரணமாக இருக்கும்.

இலவசமா ரிப்பேர் முகாம் நடத்தினா, ரிப்பேர் கடைக்காரர் பிழைப்பு போயிடாதா?

2009-இல் ஆம்ஸ்டர்டாமில் மார்ட்டின் போஸ்ட்மா என்ற பெண்மணி முதல் ரிப்பேர் கஃபேயை நடத்தியபோது தொடங்கிய யோசனை, இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான இடங்களில் நடக்கிறது. அங்கே வருபவர்களில் பலர், அந்த முகாம் இல்லாவிட்டால் பொருளைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். பழுதுபார்க்கலாம் என்ற எண்ணமே அற்றுப்போன இடத்தில் அந்த எண்ணத்தைத் திரும்பக் கொண்டுவருவது கடைக்காரருக்கும் நல்லதுதான்.

இருந்தாலும் கவலை நியாயமானது, அதனால் முகாமுக்கு முன்பே பக்கத்தில் இருக்கும் பழுதுபார்ப்பவர்களைப் போய்ப் பாருங்கள். பொருளின் சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் சின்ன வேலைகள் முகாமில், நேரமும் உதிரிபாகமும் பிடிக்கும் வேலைகள் அவர்களிடம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவரைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டால் அதற்குக் கூலி கொடுங்கள்.

முதல் மாசம் கூட்டமா வராங்க, அப்புறம் யாரும் வரதில்லை. ஏன்?

பெரும்பாலும் வேலை இரண்டு பேர் தலையில் விழுந்து, அவர்கள் களைத்து, மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் போவதுதான் நடக்கிறது. பொறுப்பைச் சின்னச் சின்னதாக உடைத்து, முடிவு தேதியோடு கொடுங்கள். "மூன்று மாதம் ஏணிப் பதிவேடு உங்களிடம்" என்றால் ஆள் கிடைப்பார், "கருவி நூலகப் பொறுப்பாளர்" என்றால் ஓடிவிடுவார்.

பொதுச் சொத்தை மக்களே எப்படிப் பல தலைமுறையாகக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. நிலைத்து நின்ற குழுக்களில் அவர் கண்டவை நமக்கும் அப்படியே பொருந்தும்: யார் உள்ளே யார் வெளியே என்பது தெளிவு, விதியை அதைப் பின்பற்றுபவர்களே போடுகிறார்கள், கண்காணிப்பவரும் அவர்களில் ஒருவர், தவறுக்கு முதலில் லேசான தண்டனை பிறகு படிப்படியாகக் கூடுதல், சண்டையைத் தீர்க்கச் செலவில்லாத ஓர் இடம். ஏணியைத் திருப்பிக் கொடுக்காதவரைக் குழுவில் எல்லோர் முன்னாலும் திட்டினால் அவரும் போய்விடுவார், ஏணியும் போய்விடும். முதல் தடவை தனியாக ஒரு நினைவூட்டல் போதும்.

சேவைன்னு ஆரம்பிச்சுட்டு அதுல காசு பாக்கிறது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் நல்ல மனம் உள்ளவர்கள், அதனால் நேராகவே சொல்கிறேன்: சரி. மேலே சொன்ன களைப்புக்கும் இதுதான் பாதி மருந்து. தினமும் கழிவு எடுப்பது, கசிவு அடைப்பது, சுவரைக் காயவைப்பது, இதெல்லாம் முறையான உழைப்பு. கூலியில்லாமல் வருடக்கணக்கில் செய்ய முடிபவர்கள் ஏற்கெனவே வருமானமும் நேரமும் உள்ளவர்கள் மட்டுமே. எல்லாவற்றையும் இலவசம் என்று வைத்தால், வேலை தேவைப்படும் ஆளை நாமே வெளியே நிறுத்துகிறோம்.

ஆனால் எதற்குக் காசு என்பதில் கோடு போட வேண்டும். அறிவு இலவசமாக இருக்கட்டும்: வீட்டைப் பார்த்துச் சொல்வது, கற்றுக்கொடுப்பது, எச்சரிப்பது. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய உழைப்புக்குக் கட்டணம் இருக்கட்டும். வீட்டைச் சோதிப்பவரே கருவியையும் விற்றால் எல்லா வீட்டிலும் கருவி தேவைப்படும். சோதனையையும் விற்பனையையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள்.

என்ன தொழில் பண்ணலாம்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வீடுவீடாகப் போய் எழுதிய நோட்டை எடுங்கள். மூன்று கேள்விக்கும் ஆமாம் என்று வரும் வரியைத் தேடுங்கள்: பல வீட்டில் இருக்கிறதா, மறுபடியும் மறுபடியும் வருகிறதா, இப்போதே யாராவது இதற்குக் காசோ நேரமோ செலவழிக்கிறார்களா? ஈரக்கழிவை எடுத்துப்போய் உரமாக்கித் தருவது, விசிறி பொருத்துவதும் கசிவு அடைப்பதும், துணி தைத்துச் சரிசெய்வது, பழைய மரச்சாமானைப் புதுப்பித்து விற்பது, பாத்திரம் கொண்டுவந்தால் சோப்பை நிரப்பித் தருவது போன்றவை இப்படித்தான் வரும். எந்தத் தெருவுக்கு எது என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

கடை பிடிப்பதற்கு முன்னால் பத்து வீட்டுக்கு, முழுக் கட்டணத்தோடு, சில வாரம் செய்து பாருங்கள். அறிமுகச் சலுகை வேண்டாம், சலுகையில் வந்தவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவோம். செலவு எழுதும்போது உங்கள் உழைப்புக்கான கூலியையும் செலவுப் பக்கத்திலேயே எழுதுங்கள். அந்த வரியை விட்டுவிட்டு "லாபம் வருகிறது" என்று நம்பிக் கொஞ்ச நாளில் மூடிய முயற்சிகள் ஏராளம்.

கூட்டுறவா, கம்பெனியா, தொண்டு அமைப்பா, எது நல்லது?

உழைப்பவர்களோ வாங்குபவர்களோ ஒரு குழுவாக முடிவெடுக்கப் பழகியிருந்தால் கூட்டுறவு. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் தொடங்கிய கடை ஒன்று இதற்கு முன்னோடி. கலப்படமில்லாத பொருள், ஆளுக்கு ஒரு ஓட்டு, வாங்கிய அளவுக்கு ஏற்ப லாபத்தில் பங்கு என்று அவர்கள் வைத்த விதிகள் இன்றும் உலகெங்கும் கூட்டுறவுகளின் அடிப்படை. ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதால் பணம் அதிகம் போட்டவர் மட்டும் திசையை மாற்ற முடியாது, அதே காரணத்தால் பெரிய முதலீடு கிடைப்பதும் கஷ்டம்.

சீக்கிரம் முடிவெடுக்க வேண்டிய சின்னத் தொழிலுக்குத் தனி நபரோ கம்பெனியோ போதும், நோக்கத்தை மட்டும் அமைப்பு விதியிலேயே எழுதிவிடுங்கள். பிரிட்டனில் 2005 முதல் சமூக நலக் கம்பெனி என்ற வடிவம் இருக்கிறது, அதன் சொத்தை யாரும் தனக்கென்று பிரித்து எடுத்துப்போக முடியாது. அமெரிக்காவில் 2010-இல் மேரிலாந்து மாநிலம் பொதுநன்மைக் கம்பெனிக்கான முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. உங்கள் நாட்டில் எந்த வடிவம் உண்டு என்பதை அங்கே உள்ள கணக்காளரிடம் கேளுங்கள். விற்க எதுவும் இல்லாத வேலைக்கு, கற்றுக்கொடுப்பதற்கும் எச்சரிப்பதற்கும், தொண்டு அமைப்பு பொருந்தும்.

'பசுமை', 'இயற்கை', 'மட்கும்'னு போட்டா நல்லா விக்குது. நாங்களும் போடலாமா?

நிரூபிக்க முடிந்ததை மட்டும் போடுங்கள். மட்கும் என்று விற்கப்படும் பிஎல்ஏ (தாவர மாவிலிருந்து செய்யும்) பிளாஸ்டிக் 58 டிகிரி போலச் சூடு நிற்கும் தொழிற்சாலைக் கம்போஸ்டில் மட்கும், உங்கள் குடியிருப்புக் குவியலில் நெடுநாள் அப்படியே கிடக்கும். அப்படியானால் அந்தச் சொல் உங்கள் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை பொய். "ரசாயனம் இல்லாதது" என்பதும் அப்படியே, தண்ணீரும் ரசாயனம்தான்.

வெளியாள் சோதித்துத் தரும் முத்திரைகள் இருக்கின்றன, 1978-இல் ஜெர்மனியில் வந்த நீலத் தேவதை அவற்றில் முதலாவது. சின்னத் தொழிலுக்கு முத்திரைக் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் கவலைப்பட வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது, எங்கே செய்தது, தீர்ந்ததும் புட்டியை என்ன செய்வது என்று முழுப் பட்டியலையும் ஒட்டுங்கள். பக்கத்துத் தெருவில் இருக்கும் தொழிலுக்கு ஒரு பலம் உண்டு, சந்தேகம் வந்தால் வாடிக்கையாளர் நேரில் வந்து பார்க்கலாம். வாருங்கள் என்று எழுதியும் வையுங்கள்.

ஒரு பெரிய நிறுவனம் பணம் தரேன்னு சொல்லுது. வாங்கிக்கலாமா?

அந்தப் பணம் அடுத்த வருடம் நின்றுவிட்டால் எந்த வேலை நிற்கும் என்று எழுதிப் பாருங்கள். தினசரி நடக்க வேண்டிய வேலை நிற்கும் என்றால் வாங்காதீர்கள். கருவி, பயிற்சி மாதிரி ஒருமுறைச் செலவுக்கு வாங்கலாம். அவர்களால் வரும் மாசு பற்றிப் பேசக் கூடாது என்ற நிபந்தனை, வாய்மொழியாக வந்தாலும், இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

நடந்துச்சா இல்லையான்னு எப்படி அளக்கிறது?

எத்தனை கூட்டம், எத்தனை பேர் வந்தார்கள் என்பது நம் உழைப்பின் கணக்கு. வீடு மாறியதா என்பதற்கு வேறு கணக்கு வேண்டும்: முதலில் போனபோது ஈரமாக இருந்த சுவர்களில் எத்தனை ஒரு மழைக்காலம் தாண்டியும் காய்ந்து நிற்கின்றன, படுக்கையறையில் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் இரவில் எவ்வளவு காட்டுகிறது, பொதுத் தொட்டிக்குப் போகும் கழிவின் எடை குறைந்ததா, பழுதுபார்த்த பொருள் இன்னும் ஓடுகிறதா. வேலை தொடங்கும் முன்னாலேயே அளந்து வைக்காவிட்டால் பின்னால் எதையும் சொல்ல முடியாது. தொழில் பக்கத்துக்கு, எத்தனை பேருக்கு முழுக் கூலி போகிறது என்ற எண்ணிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் நல்லா ஆனா வாடகை ஏறி, இப்ப இருக்கிறவங்களே வெளியேற வேண்டி வராதா?

வரலாம், வந்திருக்கிறது. பூங்காவும் நல்ல காற்றும் வந்த பிறகு வாடகை கூடி, அதற்காகப் பாடுபட்டவர்களே இடம் மாற நேர்ந்த நகரங்கள் உண்டு. இந்தப் பயத்தை முதல் நாளே மேசையில் வையுங்கள், வாடகைக்கு இருப்பவர்கள் குழுவில் வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முழுத் தீர்வு ஒரு தெருவின் கையில் இல்லை, ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன. சுவர் சரிசெய்வதில் குழு உழைப்பும் பணமும் போட்டால், இத்தனை காலம் வாடகை ஏற்றுவதில்லை என்று உரிமையாளரிடம் எழுத்தில் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்கலாம். நீண்ட காலத்துக்குச் சமூக நில அறக்கட்டளை என்ற வடிவம் இருக்கிறது: நிலம் அறக்கட்டளையின் பெயரில், வீடு குடியிருப்பவர் பெயரில், விற்றால் எவ்வளவு விலை ஏற்றலாம் என்பதற்கு முன்கூட்டியே போட்ட வரம்பு. 1969-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகள் தங்கள் நிலத்தைக் காக்க உருவாக்கிய ஏற்பாட்டிலிருந்து வளர்ந்தது இது, 1984-இல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரமும் வீடுகளுக்காக அப்படி ஒன்றைத் தொடங்க உதவியது. நிலம் வாங்கும் நிலையில் இன்று நீங்கள் இல்லாமல் இருக்கலாம். குழுவின் பெயரில் ஒரு அறையாவது, கருவிகள் வைக்கும் கொட்டகையாவது நீண்ட குத்தகைக்கு எடுத்து வையுங்கள், வாடகை ஏறும்போது முதலில் இடம் இழப்பவை அவைதான்.